முற்றத்தில் ஓடிய மரக்கலம்

1502-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், வட இத்தாலியில் போ நதி பாயும் சமவெளியிலுள்ள ஃபெராரா நகருக்குத் தம்பியின் விவாகத்தை முன்னிட்டுப் பிறந்தகம் வந்திருந்த இசபெல்லா தெஸ்தே அம்மையார், மாந்துவாவிலேயே தங்கிவிட்ட தம் கணவருக்கு நாள் தவறாமல் எழுதிவந்த கடிதங்களில் ஒன்றில், தாம் பார்க்க நேர்ந்த ஒரு நாடகம் பொறுக்க முடியாத நீளமாகவும் சலிப்பாகவும் இருந்ததென்றும், இடையிடையே போதிய ஆட்டபாட்டங்கூட இல்லாமற் போகவே, மாந்துவாவுக்கே திரும்பிவிட்டால் தேவலை என்று பலமுறை தோன்றிற்றென்றும் குறிப்பிட்டிருக்கிறார். அந்த நாடகம் ‘பாக்கிடிஸ்’; அதை இயற்றியவர் பிளாட்டஸ் என்னும் ரோமாபுரிக் கவி; அவர் காலஞ்சென்று அப்போது 1,600 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன. அதற்கு எழுபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான் அந்த நாடகம் அடங்கிய தோல் ஏடு கண்டெடுக்கப்பட்டு, இத்தாலிய பண்டிதர்களால் புதையல் கிடைத்தாற்போலக் கொண்டாடப்பட்டது. அந்தப் பண்டிதர்களில் எவரும் அது சலிப்பாக இருக்கிறது என்று சொல்லத் துணிந்ததில்லை. சுவடியில் உள்ள நாடகம் எவரையும் கொட்டாவி விடச் செய்யாது. மேடையேறின பிறகே அதற்கு அந்த ஆபத்து உண்டாகிறது. ஆகவே இசபெல்லா அம்மையாரின் அலுப்பை, பிளாட்டஸ் உண்மையாகவே உயிர்த்தெழுந்துவிட்டார் என்பதற்குக் கிடைத்த முதல்தரமான சாட்சியமாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

ரோமாபுரியின் ஹாஸ்ய நாடகங்கள் முற்றிலும் மறைந்துபோய்விட்டன என்று கூறுவது சரியன்று. டெரன்ஸ் என்னும் கவி இயற்றிய ஆறு நாடகங்களும் மத்திய காலம் முழுவதும் மடாலயப் பள்ளிகளில் லத்தீன் பாஷையின் தூய்மைக்கு உதாரணமாகப் பாடஞ்சொல்லப்பட்டே வந்தன. பத்தாம் நூற்றாண்டில் ஜெர்மனியில் காந்தர்ஷைம் மடத்தைச் சேர்ந்த ஹ்ரோட்ஸ்வித்தா என்னும் கன்னிகாஸ்திரீ, டெரன்ஸின் நடையழகில் மயங்கி அவருடைய கதைகளின் ஒழுக்கக்கேட்டிலும் மனம் பறிகொடுப்பவர்களைக் காப்பாற்ற எண்ணி, அதே அச்சில் புண்ணிய கதைகளாக ஆறு நாடகங்கள் எழுதினார். இவ்வளவு பரிச்சயம் இருந்தும், நாடகம் என்பது பல பேர் தத்தம் வேஷத்துக்குரிய வசனத்தைத் தாமே பேசி நடிக்கும் ஒரு காரியம் என்பது மட்டும் மறந்துபோயிருந்தது. டெரன்ஸின் சுவடிகளைத் திருத்திப் படியெடுத்த கல்லியோப்பியஸ் என்பவரின் பெயர் ஏடுகளின் இறுதியில் காணப்படவே, கவியின் நண்பரான அவர் ஒரு சிறு கூண்டினுள் அமர்ந்து புஸ்தகத்தை வாசித்தார் என்றும், முகமூடி தரித்த ஊமைக் கூத்தர்கள் வெளியே நின்று அதற்கேற்பக் கைகால்களை அசைத்தனர் என்றும் மத்திய காலத்தார் நம்பினர். பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸில் எழுதப்பெற்ற ஓர் அழகிய சுவடியில் இந்தக் காட்சி சித்திரமாகவே தீட்டப்பட்டிருக்கிறது. பார்க்க ரம்மியமான சித்திரந்தான். அதில் உள்ள செய்தி முழுவதும் பிழை.

பிளாட்டஸின் கதி இதைவிட மோசம். இன்று நம் கையிலுள்ள இருபது நாடகங்களில் எட்டு மட்டுமே மத்திய காலத்தார் கண்ணுக்குப் பட்டன. 1429-ஆம் ஆண்டில் கூசா நகரத்து நிக்கோலாஸ் என்னும் ஜெர்மானிய பாதிரியார் தம் நாட்டிலிருந்து ரோமாபுரிக்கு ஒரு பழைய ஏட்டைக் கொண்டுவந்து சேர்த்தார். அதில் அதுவரை எவரும் அறியாத பன்னிரண்டு நாடகங்கள் இருந்தன. இரட்டைப் பிள்ளைகளின் கதையாகிய ‘மெனேக்மி’, தற்பெருமைச் சிப்பாயின் கதை, இசபெல்லாவை வாட்டிய ‘பாக்கிடிஸ்’ ஆகிய யாவும் அவற்றைச் சேர்ந்தவை. ஏடு கர்தினால் ஒர்சினியின் கைக்குப் போயிற்று. அவரோ புதையல் காத்த பூதம்போல அதைப் பிறர் எளிதில் படியெடுக்க விடவில்லை. ஃபெராராவில் இளவரசர் லியோனெல்லோவுக்கு ஆசிரியராக இருந்த வெரோனா நகரத்துக் குவாரினோ அதைப் பெறுவதற்காகப் பட்ட பாடும் எழுதிய கடிதங்களும் கொஞ்சமல்ல. இறுதியில் சீடரின் செல்வாக்கே அவருக்குக் கை கொடுத்தது. 1433-இல் அவுரிஸ்பா என்னும் மற்றொரு பண்டிதர், டெரன்ஸின் நாடகங்களுக்கு டொனாட்டஸ் எழுதிய பழைய உரையை மைன்ஸ் நகரில் கண்டெடுத்தார். அவரும் ஃபெராராவில் வாழ்ந்தவரே. இவ்வாறு, பின்னால் மேடையாக விளங்கப்போகும் ஊர் முன்னதாகவே மூலத்துக்கும் உரைக்கும் உறைவிடமாகிவிட்டது.

அக்காலத்துப் பழமை மோகத்துக்கு வேடிக்கையான ஒரு நிதர்சனம் உண்டு. பின்னால் சிற்ப சாஸ்திரத்தில் பெரும் புகழ் பெற்ற அல்பெர்த்தி, இருபது வயது மாணவராக இருந்தபோது லத்தீனில் ஒரு ஹாஸ்ய நாடகம் எழுதினார். அது எப்படியோ அவர் கையைவிட்டு நழுவி, லெப்பிடஸ் என்னும் புராதன கவியின் நூலாகப் பெயர்பெற்று, பத்தாண்டு காலம் பண்டிதர்களின் பாராட்டுதலைப் பெற்றுவந்தது. தாமே அதன் ஆசிரியர் என்று பின்னர் அவர் வெளிப்படுத்தி, திருத்திய பிரதியை லியோனெல்லோவுக்குச் சமர்ப்பணம் செய்தார். அப்படியும் 1588-இல் அது லெப்பிடஸின் பெயராலேயே அச்சேறிற்று என்றால், பழமை என்ற முத்திரைக்கு இருந்த மதிப்பை வேறு எவ்வாறு விளக்குவது?

ரோமாபுரியில் பொம்போனியோ லேத்தோ என்னும் ஆசிரியர் தம் மாணவர்களைக் கொண்டு பழைய நாடகங்களை லத்தீனிலேயே நடிக்கச் செய்தார். அக்குழுவினர், கர்தினால் ரியாரியோவின் ஆதரவில், செனக்காவின் ‘ஹிப்பொலிட்டஸ்’ என்னும் சோக நாடகத்தை நடித்தபோது, மேடை அலங்காரம் திடீரென்று சரிந்து விழுந்தது. ஃபேத்ரா என்னும் அரசியின் வேஷத்தில் நின்ற இங்கிராமி என்ற இளைஞர் சற்றும் கலங்காமல், ஆட்கள் அதைத் தூக்கி நிறுத்தும் வரையில் லத்தீனில் ஆசுகவிகள் பாடிச் சபையைக் கட்டிப்போட்டார் என்பது பிரசித்தம். அன்று முதல் அவர் பெயரே ‘ஃபேத்ரா’ ஆகிவிட்டது. பிற்காலத்தில் உடல் பருத்துப் போப்பாண்டவரின் நூலகத் தலைவராக விளங்கிய அவரை ராஃபேல் தீட்டிய படத்தில் பார்ப்பவர்கள், இவரா ஒரு காலத்தில் காதல் நோயால் மெலிந்த ராணியாக நடித்தவர் என்று புன்முறுவல் கொள்ளாமல் இருக்கமாட்டார்கள். ஆனால் அங்கே சபையில் இருந்தோர் ஆசுகவியை ரசிக்கக்கூடிய லத்தீன் விற்பன்னர்களே. கடைத்தெருவிலிருந்து வந்த ஒருவன் அந்தச் சபையில் உட்கார்ந்திருந்தால், விழுந்த அலங்காரத்தை மட்டுமே அவன் ரசித்திருக்க முடியும்.

பிளாட்டஸைக் கடைத்தெருவாருக்கும் கேட்கும்படி பேசவைத்தவர் பண்டிதரல்லர். லத்தீனில் போதிய தேர்ச்சியில்லாத ஒரு பிரபு. ஃபெராராவின் கோமகன் முதலாம் எர்க்கோலே இளமையை நேப்பிள்ஸ் அரண்மனையில் கழித்து, போர்த்தொழிலில் பழகி, 1467-இல் மொலினெல்லா யுத்தத்தில் காலில் குண்டடிபட்டு, வாழ்நாள் முழுவதும் விந்திய நடையோடு வாழ்ந்தவர். 1471-இல் பட்டத்துக்கு வந்தார். பழைய சரித்திரங்களையும் கதைகளையும் அறிய அவருக்கு ஆவல் மிகுதி. மூலத்தைத் தாமே படித்து அனுபவிக்கும் சக்தியோ குறைவு. ஆகையால் கண்ணிற்பட்ட நூலையெல்லாம் இத்தாலிய பாஷையில் பெயர்த்துத் தரும்படி அரண்மனைப் புலவர்களை ஏவிக்கொண்டே இருந்தார். குவாரினோவின் குமாரர் பத்திஸ்தாவும் பிளாட்டஸை மொழிபெயர்க்கும் பணியில் ஈடுபடுத்தப்பட்டார். பாண்டோல்ஃபோ கொலேனூச்சியோ ‘ஆம்ஃபித்ரியோ’வை இத்தாலியச் செய்யுளில் ஆக்கித் தந்தார். அந்தக் கோமகன் லத்தீன் நன்கு கற்றிருந்தால் ஐரோப்பிய நாடகத்தின் சரித்திரம் சற்றே வேறாக அமைந்திருக்கும் என்று சொன்னால் அது மிகையாகாது.

அவருடைய சுபாவத்தில் முரண்பாடுகள் பல. 1482 முதல் 1484 வரை வெனிஸுடன் நடந்த போரில் ரோவிகோவைச் சேர்ந்த வளமான நிலப்பகுதியைப் பறிகொடுத்தார். உத்தியோகங்களை விலைக்கு விற்றுப் பணம் சேர்த்தார். தெய்வபக்தியோ அளவு கடந்தது. தம் ஊரில் பிறந்த சவொனரோலா என்னும் கடுந்துறவியிடம் மதிப்பு வைத்திருந்தார். திருக்காயங்களைத் தம் உடலில் தாங்கியவராகக் கருதப்பட்ட லூச்சியா என்னும் கன்னிகாஸ்திரீயைத் தம் ஊருக்கு அழைத்துவர விரும்பி, வித்தெர்போ நகரத்தார் அவரை விட மறுத்தபோது, 1499-இல் ரகசியமாக வெளியேற்றிக் கொண்டுவந்தார். துணிக்கூடைக்குள் ஒளித்துக் கோவேறு கழுதையின் மேல் ஏற்றி அனுப்பினார்கள் என்று சொல்வார்கள். பிளாட்டஸின் நாடகங்களில் யுக்தி மிகுந்த அடிமைகள் செய்கிற தந்திரத்துக்கும் இதற்கும் வித்தியாசம், இங்கே கூடைக்குள் இருந்தவர் ஒரு புண்ணியவதி என்பது ஒன்றுதான்.

போர் முடிந்து சமாதானம் ஏற்பட்டதன் மறு வருஷத்துக்கு மறு வருஷம், 1486 ஜனவரி 25-ஆம் தேதி, தவக்காலத்துக்கு முந்திய களியாட்டப் பருவத்தில், அரண்மனையின் புதிய முற்றத்தில் ‘மெனேக்மி’ இத்தாலிய செய்யுளில் அரங்கேறிற்று. கோமகனின் மூத்த மகள் இசபெல்லாவுக்கு அப்போது பதினோரு வயது. அவளுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த மாந்துவாவின் பிரபு பிரான்செஸ்கோ கொன்சாகா விருந்தினராக வந்திருந்தார். முற்றத்தின் ஒரு புறத்தில் மரப்பலகைகளால் மேடை அமைத்து, அதன்மேல் ஐந்து வீடுகளை வரிசையாக எழுப்பி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாயிலும் ஒரு ஜன்னலும் வைத்து, மேலே கோட்டைக் கொத்தளம் போன்ற சிகரங்களைத் தீட்டியிருந்தனர். பார்க்க வந்தவர்கள் 10,000 பேர் என்று நாட்குறிப்பு எழுதிய ஸாம்போத்தி கூறுகிறார். பதினைந்தாம் நூற்றாண்டு நாட்குறிப்புக்காரர்கள் ஜனங்களை எண்ணும் வழக்கம் நமக்குத் தெரியாததன்று. பாதியைத் தள்ளினாலும் மீதி போதும். செலவு 1,000 டூக்காட் பொற்காசு என்கிறார். இதை நம்பலாம், ஏனெனில் செலவுக்கணக்கு அரண்மனையிலிருந்து வெளியே கசிவது எளிது.

கதை எளியது. சிராக்கூஸ் நகர வியாபாரி ஒருவனுக்கு இரட்டைப் பிள்ளைகள். ஏழு வயதில் ஒருவன் தொலைந்து எபிடம்னஸ் என்னும் துறைமுகத்தில் வளர்கிறான். மற்றவன் பெரியவனாகி மெசேனியோ என்னும் அடிமையோடு ஊர் ஊராகத் தேடிக்கொண்டு அதே துறைமுகத்தில் வந்து இறங்குகிறான். உள்ளூர்க்காரனோ மனைவியின் மேலாடையைத் திருடிக் கணிகைக்குக் கொடுத்துவிட்டு அவள் வீட்டில் விருந்துக்கு ஏற்பாடு செய்திருக்கிறான். விருந்தைச் சாப்பிடுவது வந்தவன். வசவைச் சாப்பிடுவது இருந்தவன். இடையில் பெனிக்குலஸ் என்று ஒரு சாப்பாட்டு ராமன். அந்தப் பெயருக்குத் துடைப்பம் என்று பொருள், உட்கார்ந்த பந்தியைத் துடைத்து வைத்துவிடுவான் என்பதற்காக. நாடகத்தின் முடிவில் சொத்துக்களை ஏலம் போடுகிறார்கள். வாங்குவாரிருந்தால் மனைவியையும் சேர்த்து விற்றுவிடலாம் என்று மெசேனியோ கூவுவதோடு நாடகம் நிறைவடைகிறது. மணமகனாகப் போகும் விருந்தாளியின் முன்னிலையில் இந்தக் கதையைத் தேர்ந்தெடுத்த கோமகனின் ஹாஸ்ய உணர்ச்சியைப் பற்றி அவரவர் அபிப்பிராயம் அவரவருக்கு.

ஆனால் அன்றிரவு சபையோர் வாய் பிளந்து பார்த்தது கதையையன்று. வெளியூர் மெனேக்மஸ் கப்பலில் வந்து இறங்கினான் என்று பிளாட்டஸ் ஒரு வாய்ச்சொல்லோடு விட்டுவிட்ட இடத்தில், துடுப்புகளும் பாயும் கட்டிய நிஜமான ஒரு மரக்கலம் பத்துப் பேரைச் சுமந்துகொண்டு முற்றத்தின் குறுக்கே அசைந்து வந்து மேடையை அணைந்தது. தண்ணீர் இல்லை, கல் பாவிய தரை. கீழே சக்கரமிட்டு ஆட்கள் தள்ளியிருக்க வேண்டும். போ நதியின் கிளையிலே படகு ஓட்டிப் பிழைக்கும் ஜனங்களுக்குப் படகு என்பது புதுமையன்று. ஆயினும் தாங்கள் தினந்தோறும் காண்கின்ற ஒரு பொருள், இருக்கக்கூடாத இடத்தில், விளக்கொளியில், பாட்டுப் பேசுகிற மனிதர்களைச் சுமந்து வரக் கண்டால் அதில் உண்டாகும் பரவசமே வேறு.

அடுத்த ஆண்டு, 1487-இல், கோமகனின் மகள் லுக்ரேசியா தெஸ்தேக்கும் பொலோஞா நகரத்து அன்னிபாலே பெந்திவோலியோவுக்கும் நடந்த விவாகத்தை ஒட்டிய நாட்களில் ‘ஆம்ஃபித்ரியோ’ நடந்தது. கடிகார கோபுரத்தின் பக்கத்து மூலையில் உயரத்தில் ஓர் ஆகாயம் அமைத்து, மெல்லிய கறுப்புத் துணிக்குப் பின்னால் ஆங்காங்கே விளக்கேற்றி நட்சத்திரங்களாக மினுங்கச் செய்து, வெள்ளாடை உடுத்த சிறு குழந்தைகளைக் கிரகங்களாக நிறுத்தியிருந்தார்கள். அந்த ஆகாயம் மினுங்கிக்கொண்டிருக்கும்போதே மெய்யான ஆகாயத்திலிருந்து மழை பிடித்துக்கொள்ள, நாடகம் பாதியில் நின்று பிறிதொரு நாள் முழுமையாக நடந்தது. ஜூபிடர் மாறுவேஷத்தில் வந்து ஒருவன் மனைவியைக் கூடியதால் ஹெர்க்குலிஸ் பிறந்தான் என்பது அதன் கதை. எர்க்கோலே என்பது ஹெர்க்குலிஸ் என்ற பெயரின் இத்தாலிய உருவம். கோமகனுக்கு இந்த நாடகத்தின்மேல் இருந்த பிரியத்துக்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

நடித்தவர்கள் தொழில்முறைக் கூத்தாடிகள் அல்லர்; அரண்மனை உத்தியோகஸ்தர்களும் நல்ல குடும்பத்து இளைஞர்களுமே. பெண் வேஷமும் அவர்களே போட்டார்கள். எஜமானனை ஏமாற்றிப் பணம் பறிக்கும் அடிமைகளாக, எஜமானனிடம் சம்பளம் வாங்குபவர்கள் எஜமானன் முன்னிலையிலேயே நடித்து அவரைச் சிரிக்கவைத்தார்கள். 1493-இல் கோமகன் இவர்களில் ஒரு குழுவை அழைத்துக்கொண்டு, மிலான் அரசை நடத்திவந்த தம் மருமகன் லுதோவிக்கோ ஸ்ஃபோர்ட்ஸாவின் விருந்தினராகப் பாவியாவுக்குச் சென்றார். அந்தக் குழுவில் பதினெட்டு வயது லுதோவிக்கோ அரியோஸ்தோவும் ஒருவர். மூன்றாண்டுகள் கழித்து, 1496-இல், மற்றொரு மருமகனாகிய பிரான்செஸ்கோ கொன்சாகா அந்த நாடகங்களின் பிரதியைக் கேட்டு எழுதியதற்குக் கோமகன் அனுப்பிய பதில் இன்றும் இருக்கிறது. அவரவர் நெட்டுருப் போடுவதற்கு அவரவர் பாடத்தை மட்டும் தனித்தனியே எழுதிக் கொடுத்தோம். ஆடி முடிந்த பின்னர் அவற்றை ஒன்றுசேர்த்து வைக்கவும் இல்லை, முழுப் பிரதி எடுத்துக்கொள்ளவும் இல்லை. நடித்தவர்களிலும் சிலர் ஊரில் இல்லை என்பது அதன் சாரம். ஒர்சினி கர்தினால் பெட்டியில் வைத்துப் பூட்டிய நாடகங்கள், எழுபது ஆண்டுகளுக்குள் முழுப் பிரதிகூட இல்லாமல் நடிகர்களின் துண்டுக் காகிதங்களில் சிதறிக் கிடந்தன. பாதுகாப்பு என்ற நோக்கில் இது அலட்சியமே; எனினும், ஆடப்படுகிற நாடகத்துக்கு எந்த நாட்டிலும் இதுவே இயல்பு.

பண்டிதர்கள் வித்ருவியஸின் சிற்ப நூலைப் படித்துவிட்டு, ரோமாபுரியின் கல் அரங்கங்களைப்போல நமக்கும் ஒன்று வேண்டுமே என்று ஏங்கினார்கள். சுல்பீச்சியோ என்பவர் அந்நூலை முதன்முதலாக அச்சிட்டபோது, நகருக்கு ஓர் அரங்கம் கட்டித் தரவேண்டுமென்று கர்தினால் ரியாரியோவுக்கு விண்ணப்பமே செய்துகொண்டார். ஆனால் ரோமாபுரியில் முதல் கல் அரங்கத்தைப் பாம்ப்பி கட்டியது கி.மு. 55-இல், பிளாட்டஸ் மறைந்தது கி.மு. 184-இல். தம் வாழ்நாளில் ஒரு கல் அரங்கத்தையும் அவர் அந்நகரில் கண்டதில்லை. திருவிழாவுக்குத் திருவிழா மரப்பலகை போட்டு எழுப்பிப் பின் பிரித்துவிடும் மேடையில், தெருவை நோக்கிய வாயில்களின் முன்னால், கழைக்கூத்துக்கும் மல்யுத்தத்துக்கும் எந்நேரமும் எழுந்து ஓடக் காத்திருக்கும் ஜனங்களுக்கு மத்தியில்தான் அவருடைய நாடகங்கள் நடந்தன. டெரன்ஸின் ‘ஹெக்கிரா’ முதல் தடவை ஆடப்பட்டபோது கயிற்றின் மேல் நடப்பவன் வந்திருக்கிறான் என்று கேட்டு ஜனங்கள் கவனம் சிதறி நாடகம் கலைந்தது. மறுதடவை, வாட்போர் வீரர்கள் வரப்போகிறார்கள் என்ற வதந்தியால் கலைந்தது. மூன்றாவது தடவைதான் முழுவதும் நடந்தது. ஆகவே எர்க்கோலே தம் முற்றத்தில் பலகை மேடை போட்டு, களியாட்ட நாளில், மரக்கலமும் வாணவேடிக்கையும் கலந்து பிளாட்டஸை ஆடவைத்தபோது, பண்டிதர்கள் அடைய விரும்பிய பழமையை அவர்களைவிட நெருங்கிவிட்டார். அதை அவரும் அறிந்திருக்கவில்லை என்பதே இதில் சுவாரசியம்.

கயிற்றின் மேல் நடப்பவனுக்கும் ஃபெராராவில் இடம் கிடைத்தது. ஒவ்வோர் அங்கத்துக்கும் நடுவே இடைக்கூத்து என்று ஒன்று ஏற்பட்டது. இதில் முக்கியமானது ‘மொரெஸ்கா’ என்னும் தாளக்கட்டுள்ள ஆட்டம். 1499-ஆம் ஆண்டுக் களியாட்டத்தில் டெரன்ஸின் ஒரு நாடகமும் பிளாட்டஸின் இரண்டும் ஆடப்பட்டபோது, இந்த இடைக்கூத்துகளில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டோர் ஈடுபட்டனர். குடியானவர் வேஷத்தில் வந்தவர்கள் வாத்தியத்தின் கதிக்கு ஏற்ப மண்ணைக் கொத்தி, பொன் விதையை விதைத்து, கதிர் அறுத்து ஆடிய ஆட்டத்தை, அப்போது மாந்துவாவின் சீமாட்டியாகிவிட்ட இசபெல்லாவுக்கு ஒருவர் கடிதத்தில் விரிவாக வர்ணித்து எழுதினார். நாடகத்தைப் பற்றியோ சில வரிகளே. மொழிபெயர்ப்பாளர்கள் மூலத்தின் ஒரு வரியை இரண்டாக நீட்டி எதுகை கட்டியதால் வசனம் இழுபட்டதும், இழுபட்ட வசனத்துக்கு இளைப்பாறுதலாக ஆட்டம் பெருகியதும், பெருகின ஆட்டத்தால் கதை மறந்துபோனதும் ஒன்றன்பின் ஒன்றாக நேர்ந்தன.

இது உச்சத்துக்கு வந்தது 1502-இல். கோமகனின் மகன் அல்போன்ஸோவுக்கு மணமகளாக, போப்பாண்டவர் ஆறாம் அலெக்சாந்தரின் மகளான லுக்ரேசியா போர்ஜியா பிப்ரவரி 2-ஆம் தேதி நகருக்குள் பிரவேசித்தாள். கோமகனின் மனைவி 1493-இலேயே காலமாகிவிட்டதால், விருந்தினரை உபசரிக்கும் பொறுப்பு இசபெல்லா அம்மையாரின் தலையில் விழுந்தது. நியாய மன்றத்தின் பெரிய கூடம் அரங்கமாயிற்று. பதின்மூன்று படி உயரத்துக்கு ஆசனங்கள். நடுவில் பெண்கள், இரு பக்கமும் ஆண்கள். மேடையில் கோட்டை மதில்போன்ற ஓர் அமைப்பும் ஆறு வீடுகளும். அவை வழக்கத்தைவிட விசேஷமாக ஒன்றுமில்லை என்று, பதினாறு ஆண்டுகளாக இவற்றைக் கண்டு பழகிய அம்மையார் எழுதுகிறார். நாடகங்கள் தொடங்குமுன் 110 வேஷதாரிகளையும் கோமகன் சபைக்கு முன்னால் வரிசையாக நடக்கவிட்டார்; ஒரு நாடகத்தின் உடையை மற்றொன்றுக்குப் போடும் தரித்திரம் இங்கே இல்லை என்று காட்டுவதற்காக. அவர்களுக்கு முன்னே கட்டியக்காரனாக வந்து ஐந்து நாடகங்களின் கதைச் சுருக்கத்தையும் கூறியவன் போட்டிருந்த வேஷம் பிளாட்டஸ். உயிர்த்தெழுந்த கவியைச் சபைக்கு அறிமுகம் செய்ய இதைவிட நேரான வழி இருக்க முடியாது.

எட்டாம் தேதிக்குள் ‘எபிடிக்கஸ்’, ‘பாக்கிடிஸ்’, தற்பெருமைச் சிப்பாய், கழுதை வியாபாரம், ‘காஸினா’ ஆகிய ஐந்தும் நடந்து முடிந்தன. வாயில் இரண்டிரண்டு எரியும் மெழுகுவர்த்திகளைக் கவ்விக்கொண்டு மூர்கள் ஆடினார்கள். ஒரு கூத்தில் மணமகன் அல்போன்ஸோவே வாத்தியக்காரரில் ஒருவராக அமர்ந்து வில் வாத்தியம் வாசித்தார். கிழவன் ஒருவன் அடிமைப் பெண்ணின்மேல் மோகங்கொண்டு, மணப்பெண் வேஷத்தில் இருந்த ஆணிடம் அகப்பட்டு அவமானப்படும் ‘காஸினா’ ஆபாசம் மிகுந்ததென்று இசபெல்லா அம்மையார் முகஞ்சுளித்தார். அந்த முகச்சுளிப்பில், எதிரே பட்டும் நகையுமாக ஜொலித்துக்கொண்டிருந்த தம்பி மனைவி சம்பந்தப்பட்ட வேறு காரணங்களும் கலந்திருக்கலாம்; ஆபாசத்தின் பொருட்டு மட்டுமே அவர் முகஞ்சுளித்தார் என்று நம்புவதற்கு நாம் அவருடைய மற்றக் கடிதங்களைப் படிக்காதவர்களாக இருக்கவேண்டும்.

தமக்கென்று நிரந்தரமான ஒரு நாடகசாலை கட்டவேண்டுமென்ற எண்ணம் கடைசிக் காலத்தில்தான் எர்க்கோலேயைப் பற்றிக்கொண்டது. வேலை ஆரம்பமாயிற்று. 1505 ஜனவரி 25-ஆம் தேதி, முற்றத்தில் மரக்கலம் ஓடிய அதே தேதியில், பத்தொன்பது ஆண்டுகள் கழித்து அவர் காலமானார். நாடகசாலை அரைகுறையாக நின்றுவிட்டது. பட்டத்துக்கு வந்த அல்போன்ஸோவுக்கு வாத்தியத்தைவிடப் பீரங்கி வார்ப்பதில் நாட்டம் அதிகம்.

எனினும் பாவியாவுக்குப் போய்வந்த அந்த இளைஞர் சும்மா இருக்கவில்லை. பிளாட்டஸை மொழிபெயர்ப்பதை விட்டுவிட்டு, பிளாட்டஸ் இன்று ஃபெராராவில் இருந்தால் எப்படி எழுதுவாரோ அப்படி எழுதுவது என்று துணிந்து, அரியோஸ்தோ 1508-இல் ‘கஸ்ஸாரியா’ என்னும் புது நாடகத்தை வசனத்திலேயே இயற்றி அரங்கேற்றினார். அப்போது வரிசை வீடுகளுக்குப் பதிலாக, வீடுகளும் கோவில்களும் மணிக்கூண்டுகளும் தோட்டங்களும் அடங்கிய ஒரு நகரமே தூரத்தில் தெரிவதுபோல ஊதீனே நகரத்துப் பெல்லெக்ரீனோ தீட்டிய திரை நின்றது. எவ்வளவு பார்த்தாலும் தெவிட்டவில்லை என்று மாந்துவாவுக்கு, அதே இசபெல்லா அம்மையாருக்கு, ஓர் அரண்மனை உத்தியோகஸ்தர் எழுதினார். மறு வருஷத்து ‘ஸுப்போஸித்தி’ ஃபெராராவிலேயே நடக்கிற கதை. எஜமானனும் வேலைக்காரனும் உடை மாற்றிக்கொள்ளும் பழைய தந்திரந்தான். ஆனால் சுங்கச்சாவடியில் பெட்டியைக் குடைந்து பார்க்கும் சேவகர்களைப் பற்றி ஒரு வழிப்போக்கன் புலம்பும்போது, அதைப் புரிந்துகொள்ள அந்தச் சபைக்கு டொனாட்டஸின் உரை தேவைப்படவில்லை. 1519-இல் போப்பாண்டவர் பத்தாம் லியோவின் முன்னிலையில் ராஃபேல் அமைத்த திரையோடு அது ரோமாபுரியில் நடந்தது. 1566-இல் ஆங்கிலமாகி லண்டன் வக்கீல் மாணவர்களிடம் சென்றது. அங்கிருந்து ஷேக்ஸ்பியரின் கைக்கும் போயிற்று. ‘மெனேக்மி’யின் இரட்டையர்கள் 1513-இல் ஊர்பீனோவில் கர்தினால் பிப்பியேனாவின் ‘கலாந்திரியா’வில் அண்ணன் தங்கையாக மாறியதும், மாக்கியவெல்லி ‘காஸினா’வை ஃபிளாரன்ஸ் குடும்பத்துக் கதையாக்கியதும் தனியே சொல்லவேண்டிய விஷயங்கள்.

அல்போன்ஸோவின் இறுதி ஆண்டுகளில் அரியோஸ்தோவின் யோசனைப்படி அரண்மனையில் ஒரு நிலையான மேடை அமைந்தது. 1532 டிசம்பர் 31-ஆம் தேதி இரவு அது தீப்பற்றி எரிந்தது. மறு ஜூலையில் அரியோஸ்தோவும் மறைந்தார்.

கோமகனின் அரண்மனை இன்று ஃபெராராவின் நகராட்சி அலுவலகம். ‘மெனேக்மி’ நடந்த முற்றம் நகராட்சிச் சதுக்கமாக இருக்கிறது. அதன் ஒரு பக்கத்தில், மரக்கலம் ஓடுவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1481-இல், கட்டப்பட்ட பளிங்குப் படிக்கட்டு மேல்விதானத்தோடு அப்படியே நிற்கிறது. ஊரார் தங்கள் காரியமாக நகராட்சி அலுவலகத்துக்கு அதன் வழியாகவே இன்றும் ஏறுகிறார்கள்.